கம்ப்யூட்டர் கேள்வி–பதில்: 'யெஸ்' கேட்கும் பெட்டி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. மென்பொருளை இன்ஸ்டால் செய்யும் செட்டப் ஃபைலை ஓட்டும்போது, அட்மின் அனுமதி (கம்ப்யூட்டரில் எதையும் மாற்றும் முழு உரிமை) கேட்டு வரும் பெட்டிதான் அது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் தொழில் கற்று, இப்போது அல்சூரில் சொந்தமாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என் மேசைக்கு வரும் கம்ப்யூட்டர் கோளாறுகளில் நிறைய இந்த ஒரு பெட்டியில்தான் தொடங்குகின்றன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, முழுப் பக்கத்தையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டரை நான் ஒருவன்தான் பயன்படுத்துகிறேன். என் கணக்கும் அட்மின் கணக்குதான். இருந்தும் எதை இன்ஸ்டால் செய்தாலும் திரை மங்கி, 'யெஸ்', 'நோ' என்று கேட்கிறது. அட்மினிடமே அட்மின் அனுமதி கேட்பது ஏன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்ரீராமபுரம்

பதில்: ஐயா, என் அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடும் வரை அங்கேதான் இருந்தார். வெடி வைப்பதற்குச் சான்று பெற்றவர். ஆனாலும் வெடிமருந்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அவரால் சுரங்கத்துக்குள் நடக்க முடியாது. வெடி வைக்கும் வேளைக்கு மட்டும் கிடங்கில் கையெழுத்துப் போட்டு வாங்குவார், மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். சான்று அவர் பெயரில் இருக்கும், மருந்து கிடங்கில் இருக்கும்.

உங்கள் விண்டோஸும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. அட்மின் கணக்கில் நீங்கள் நுழைந்ததும் உங்கள் பெயரில் இரண்டு அனுமதிச் சீட்டுகள் தயாராகின்றன. ஒன்று சாதாரணச் சீட்டு, மற்றொன்று முழு உரிமைச் சீட்டு. நீங்கள் டபுள் கிளிக் செய்து திறக்கும் பிரவுசர், வேர்டு, பாட்டு எல்லாமே சாதாரணச் சீட்டில்தான் ஓடுகின்றன. முழு உரிமைச் சீட்டு உள்ளே பூட்டிக் கிடக்கும். அந்தப் பெட்டியில் 'யெஸ்' சொன்னால், அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் அது கொடுக்கப்படும். ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுப்பதும் இதே சீட்டைக் கேட்டு வாங்குவதுதான்.

2007-ல் விஸ்டா வெளிவந்தபோதுதான் இந்த ஏற்பாடு வந்தது. அதற்கு முந்தைய எக்ஸ்.பி.யில், வீட்டுக் கம்ப்யூட்டரில் உருவாக்கும் கணக்கு பெரும்பாலும் முழு அட்மினாகவே இருக்கும். எதைத் திறந்தாலும் அது முழு உரிமையோடு ஓடும். எஸ்.பி. ரோட்டுக் கடையில் நான் வேலை கற்ற காலத்தில், ஒரு பென் டிரைவைச் செருகியதிலேயே வைரஸ் சிஸ்டம் ஃபோல்டர் வரைக்கும் போய் உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்ட எத்தனையோ கம்ப்யூட்டர்களை ஃபார்மட் அடித்திருக்கிறேன்.

முழு உரிமை கையில் வந்தால் ஒரு செட்டப் ஃபைல் என்னவெல்லாம் செய்யலாம் என்று கேளுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலும் விண்டோஸ் ஃபோல்டரிலும் எழுதலாம். விண்டோஸ் தன் செட்டிங்குகளைப் பதிந்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியில், எல்லா யூசர்களுக்கும் பொதுவான பகுதியை மாற்றலாம். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே தானாக ஓடும் சர்வீஸை வைக்கலாம். பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர் போடலாம், ஆன்ட்டி வைரஸ் தன்னைச் சோதிக்காதபடி விதிவிலக்கும் எழுதி வைக்கலாம். பிரிண்டர் டிரைவருக்கு இவற்றில் சில உண்மையிலேயே தேவை. வால்பேப்பர் மாற்றும் சின்ன மென்பொருளுக்கு ஒன்றுகூடத் தேவையில்லை. அது அட்மின் கேட்டால் தாராளமாக 'நோ' சொல்லுங்கள்.

திரை மங்குவதற்கும் காரணம் உண்டு. அந்த நேரத்தில் பெட்டி தனியான ஒரு திரையில் நிற்கிறது. பின்னால் ஓடும் சாதாரண புரோகிராம் எதுவும் உங்களுக்குப் பதிலாக 'யெஸ்' பொத்தானை அழுத்திவிட முடியாது. மனிதர்தான் அழுத்தவேண்டும்.

கேள்வி: பெட்டியில் நீல நிறமும் கம்பெனி பெயரும் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'யெஸ்' கொடுக்கலாமா?
– வாசகர், கலாசிபாளையம்

பதில்: வேண்டாம். நீலம் என்றால் ஃபைலில் சரிபார்க்கப்பட்ட டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது, யார் வெளியிட்டது என்று தெரிகிறது, அவ்வளவுதான். மஞ்சள் என்றால் வெளியிட்டவர் யாரென்று விண்டோஸுக்குத் தெரியாது. சிறிய நிறுவனங்களின் நல்ல மென்பொருளும் சில சமயம் மஞ்சளில் வரும்.

கையொப்பம் சரியாக இருந்தும் கெட்டுப்போன மென்பொருளும் உண்டு. 2017 ஆகஸ்டில், கம்ப்யூட்டரில் குப்பை ஃபைல்களை நீக்கும் சிசிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பில் அப்படித்தான் நடந்தது. அதைத் தயாரிக்கும் இடத்துக்குள்ளேயே யாரோ புகுந்து தீய நிரலைச் சேர்த்துவிட்டார்கள். கையொப்பம் அசல், இறக்கிய தளமும் அசல். ஒரு மாதம் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பதிப்பு 22.7 லட்சம் பேரிடம் போய்ச் சேர்ந்திருந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. பெட்டியில் நீலம் வந்தால் நான் அடுத்த கேள்விக்குப் போவேன்: இது எனக்குத் தேவையா, நானாகத் தேடிப்போய் எடுத்ததா, இல்லை தானாக வந்து நிற்கிறதா?

கேள்வி: ஜி.எஸ்.டி. தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவர், எம்எஸ்ஐ ஃபைலாக வந்தது. ரைட் கிளிக் செய்தால் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' இல்லவே இல்லை. டபுள் கிளிக் செய்தால் பாதியில் 1603 என்ற எண்ணைக் காட்டி நின்றுவிடுகிறது. கடைசித் தேதி நெருங்குகிறது.
– கணக்காளர், அவென்யூ ரோடு

பதில்: கவலைப்படாதீர்கள் அம்மா, இதற்கு வழி இருக்கிறது. முதலில் ஏன் இப்படி என்று சொல்லிவிடுகிறேன்.

'செட்டப்' என்று வரும் இஎக்ஸ்இ ஃபைல் தானே ஓடும் புரோகிராம். எம்எஸ்ஐ அப்படி இல்லை. எந்த ஃபைல் எங்கே போகவேண்டும், ரிஜிஸ்ட்ரியில் என்ன எழுதவேண்டும் என்ற விவரமும் சரக்கும் அடங்கிய ஒரு பொதி. அதைப் பிரித்து வேலை செய்வது விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் 'விண்டோஸ் இன்ஸ்டாலர்' என்ற சர்வீஸ். பொதி தானாக ஓடாததால்தான் ரைட் கிளிக் மெனுவில் அந்த வரி வருவதில்லை.

டபுள் கிளிக் செய்யும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போகும் முதல் பகுதி உங்கள் சாதாரணச் சீட்டில் ஓடுகிறது. ஃபைல்களை எழுதும் பகுதியை, உங்கள் அனுமதி வாங்கி அந்த சர்வீஸ் செய்கிறது. பொதியை ஒழுங்காகக் கட்டியிருந்தால் இது சிக்கலில்லாமல் நடக்கும். அட்மின் வேண்டிய ஒரு வேலையைக் கட்டியவர் முதல் பகுதியிலேயே வைத்துவிட்டால், அது அங்கேயே தோற்கும். 1603 என்பது 'ஏதோ ஒன்று தோற்றது' என்று மட்டும் சொல்லும் எண். காரணம் அதில் இருக்காது.

செய்யவேண்டியது இது. ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடி, வரும் கமாண்ட் பிராம்ப்ட்டை ரைட் கிளிக் செய்து அட்மினாகத் திறங்கள். அந்தக் கறுப்புத் திரையில் எம்எஸ்ஐஎக்ஸெக் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, முன்சாய்கோடும் ஐ எழுத்தும், மறுபடி இடைவெளி விட்டு, ஃபைல் இருக்கும் முழுப் பாதையையும் இரட்டை மேற்கோளுக்குள் கொடுத்து என்டர் தட்டுங்கள். இப்போது முதல் பகுதியும் முழு உரிமையோடு ஓடும்.

இங்கே ஒரு இடத்தில் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். உங்களைப் போன்ற அலுவலகங்களில் செட்டப் ஃபைல்கள் சர்வரில் இருக்கும், இசட் டிரைவ் என்று இணைத்து வைத்திருப்பார்கள். அட்மினாகத் திறந்த கறுப்புத் திரையில் இசட் என்று அடித்தால் அப்படி ஒரு டிரைவே இல்லை என்று வரும். டிரைவ் எங்கும் போய்விடவில்லை. அதை இணைத்தது உங்கள் சாதாரணச் சீட்டு, இப்போது ஓடுவது வேறு சீட்டு, அதற்கு அந்த இணைப்பு தெரியாது. ஃபைலை சி டிரைவில் புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து காப்பி செய்து, அங்கிருந்து ஓட்டுங்கள்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து நேராக ஓட்டாமல் புது ஃபோல்டருக்கு மாற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில இஎக்ஸ்இ செட்டப்புகள் தங்களுக்குத் தேவையான டிஎல்எல் ஃபைலை (புரோகிராமுக்குத் துணையான நிரல் இருக்கும் ஃபைல்) தேடும்போது, தாங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே முதலில் தேடும். டவுன்லோட்ஸில் எப்போதோ தெரியாமல் இறங்கிய டிஎல்எல் ஒன்று அதே பெயரில் கிடந்தால், நல்ல செட்டப் அந்தக் கெட்ட ஃபைலை அட்மின் உரிமையோடு ஏற்றிவிடும். காலி ஃபோல்டரில் அந்தப் பிரச்சினை இல்லை.

இதற்கும் மசியவில்லை என்றால் அதே வரியின் கடைசியில் இடைவெளி விட்டு, முன்சாய்கோடு, எல், நட்சத்திரக் குறி, வி ஆகியவற்றைச் சேர்த்து அடித்து, ஒரு லாக் ஃபைலின் பெயரும் கொடுங்கள். பல பக்கத்துக்கு நீளும் லாக் வரும். பயப்படாமல் நோட்பேடில் திறந்து 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். அதற்குச் சற்று மேலே உள்ள வரிகளில் உண்மையான காரணம் இருக்கும். பழைய பதிப்பு நீங்காமல் இருக்கலாம், ஒரு ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாமல் இருக்கலாம். அந்த வரிகளை எனக்கு அனுப்பினால் நானே பார்த்துச் சொல்கிறேன். தேதி நெருங்கினால் கடைக்கே டோக்கனோடு வந்துவிடுங்கள்.

கேள்வி: இந்தப் பெட்டி ஓயாமல் வந்து தொல்லை செய்கிறது. கடைப் பையன்கள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். செட்டிங்கில் அதற்கென்று இருக்கும் ஸ்லைடரைக் கீழே இழுத்து மொத்தமாக நிறுத்திவிடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?
– மளிகைக் கடை உரிமையாளர், விவேக் நகர்

பதில்: செய்யாதீர்கள் அண்ணா. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், என் கையாலேயே ஒரு கெடுதல் நடந்திருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால் சிக்பேட்டையில் ஒரு புடவை மொத்த வியாபாரக் கடைக்கு நான்தான் சர்வீஸ். நான்கு கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு. ஒவ்வொரு தடவையும் அல்சூரிலிருந்து ஓடவேண்டாமே என்று பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி கீபோர்டுக்கு அடியில் ஒட்டிவைத்தேன். ஆடித் தள்ளுபடி நேரம். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று ஒரு பையன் இணையத்தில் டிரைவர் தேடியிருக்கிறான். தேடலில் மேலே நின்றது விளம்பரம், பிரிண்டர் கம்பெனியின் தளம் இல்லை. அங்கே கிடைத்ததை இறக்கினான். பாஸ்வேர்டு கேட்டது, சீட்டைப் பார்த்துப் போட்டான்.

மறுநாள் காலையில் பில், கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல் எதையும் திறக்க முடியவில்லை. எல்லா ஃபைலும் பூட்டப்பட்டு, பணம் கேட்டு ஒரு குறிப்பு. பேக்கப் எடுக்கும் ஹார்டு டிஸ்க்கை நான் கம்ப்யூட்டரிலேயே செருகி விட்டிருந்தேன், அதுவும் போச்சு. முதலாளி என்னைத் திட்டவில்லை. பழைய பில் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்து எழுதினார். கூட உட்கார்ந்து நானும் டைப் செய்தேன். பதினோரு நாள்.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். அட்மின் உரிமை கிடைக்காவிட்டாலும் அந்த மாதிரி மென்பொருள், ஓட்டியவரின் சொந்த ஃபைல்களைப் பூட்டிவிட முடியும். அதை அந்தப் பெட்டி தடுக்காது. ஆனால் விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய நகல்களை அழிக்க அட்மின் வேண்டும். ஆன்ட்டி வைரஸை நிறுத்தவும், மற்ற யூசர்களின் ஃபைல்களைத் தொடவும் அட்மின் வேண்டும். அந்தப் பாஸ்வேர்டு போகாமல் இருந்திருந்தால் அன்று ஒரு பையனின் ஃபோல்டர் போயிருக்கும், மீட்கவும் ஒரு வழி மிஞ்சியிருக்கும்.

ஆகவே நிறுத்துவதை விட்டுவிட்டு இப்படிச் செய்யுங்கள். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய் 'அதர் யூசர்ஸ்' வழியாகப் புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதை அட்மினாக்கி, நல்ல பாஸ்வேர்டு போடுங்கள். ஒரு தடவை அதில் நுழைந்து சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம்தான் பையன்கள் பயன்படுத்தும் கணக்கை 'ஸ்டாண்டர்டு' ஆக மாற்றவேண்டும். வரிசை மாறக்கூடாது. பில் போட, பிரிண்ட் எடுக்க, இணையம் பார்க்க ஸ்டாண்டர்டு கணக்கு போதும். ஏதாவது இன்ஸ்டால் செய்யவேண்டும் என்றால் 'யெஸ்' பொத்தானோடு பாஸ்வேர்டும் கேட்கும், அதை நீங்களே வந்து போடுங்கள்.

ஒரு சின்னத் தொல்லை வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டர்டு கணக்கில் இருந்தபடி அட்மின் பாஸ்வேர்டு போட்டு இன்ஸ்டால் செய்தால், சில மென்பொருள்களின் ஐகானும் செட்டிங்கும் அந்த அட்மின் கணக்குக்குள் போய்விடும். பையன்களுக்கு எதுவும் தெரியாது. இன்ஸ்டால் ஆகவில்லை என்று நினைத்து மறுபடி ஓட்டாதீர்கள். 'எல்லா யூசர்களுக்கும்' என்ற தேர்வு செட்டப்பில் இருந்தால் அதைக் கொடுங்கள். கடைசித் திரையில் 'இப்போதே திற' என்ற டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். செட்டப்பின் உரிமையிலேயே அந்த மென்பொருளும் திறந்துகொள்ளும் வாய்ப்பு உண்டு. மூடிவிட்டு, பையன் தன் ஐகானிலிருந்து திறக்கட்டும்.

ஓயாமல் வருகிறது என்றீர்களே, அதுவும் கவனிக்கவேண்டிய விஷயம். எல்லாம் இன்ஸ்டால் செய்து முடித்த கம்ப்யூட்டரில் அந்தப் பெட்டி தினமும் வரக்கூடாது. எந்த மென்பொருளின் பெயர் அதில் திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதி வையுங்கள். பழைய பில்லிங் மென்பொருளாக இருந்தால், அது புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே தன் டேட்டாவை எழுத முயலும், அதனால் ஒவ்வொரு முறையும் அட்மின் கேட்கும். டேட்டா ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றித் தரச் சொல்லி விற்றவரைக் கேளுங்கள்.

கேள்வி: எலக்ட்ரானிக் சிட்டியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஆபீஸ் லேப்டாப்பில் எனக்கு அட்மின் இல்லை. ஒவ்வொரு டூலுக்கும் ஐ.டி. பிரிவுக்கு டிக்கெட் (கோரிக்கை) போட்டு இரண்டு நாள் காத்திருக்கிறேன். அட்மின் ஆக ஒரு குறுக்குவழி இருப்பதாக டீமில் ஒருவர் சொன்னார்.
– வாசகி, பொம்மனஹள்ளி

பதில்: அந்தக் குறுக்குவழி வேண்டாம் பாப்பா, வேலைக்கே ஆபத்து. அட்மின் தேவைப்படாத பதிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புரோகிராம் எழுத உதவும் விஷுவல் ஸ்டுடியோ கோடுக்கு 'யூசர் இன்ஸ்டாலர்' என்றே தனியாக இருக்கிறது, உங்கள் சொந்த ஃபோல்டருக்குள் உட்கார்ந்துகொள்ளும். அதையும் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள். மற்றவற்றை ஒரே பட்டியலாக்கி, எந்த வேலைக்கு எது வேண்டும் என்று எழுதி, ஒரே டிக்கெட்டில் போடுங்கள். எட்டு டிக்கெட்டாக வருவதைவிட அது சீக்கிரம் நகரும்.

கேள்வி: பேங்கிலிருந்து பேசுவதாக ஒருவர் போன் செய்து, ஒரு மென்பொருளை இறக்கச் சொன்னார். இறக்கினேன். அவர் மவுஸை அங்கிருந்தே நகர்த்தினார். திடீரென்று, 'என் பக்கம் திரை கறுப்பாகிவிட்டது, யெஸ் பொத்தானை நீங்களே அழுத்துங்கள்' என்றார். பயந்து வைத்துவிட்டேன். ஆபத்து உண்டா?
– 71 வயது வாசகி, அல்சூர்

பதில்: அம்மா, நீங்கள் செய்தது மிகச் சரி. அவருக்குத் திரை கறுப்பானது ஏன் தெரியுமா? முதல் பதிலில் சொன்னேனே, அந்தப் பெட்டி தனித் திரையில் நிற்கும் என்று. அட்மின் இல்லாமல் ஓடும் ரிமோட் மென்பொருளுக்கு அந்தத் திரை தெரியாது, அதில் அவரால் கிளிக் செய்யவும் முடியாது. அதனால்தான் உங்கள் விரல் அவருக்குத் தேவைப்பட்டது.

ஆனால் 'யெஸ்' சொல்லாத வரையிலும்கூட, திறந்து கிடந்த பிரவுசரையும் மெயிலையும் அவர் பார்த்திருக்க முடியும். ஆகவே இன்றைக்கே நெட் இணைப்பைத் துண்டியுங்கள். பேங்க் பாஸ்புக்கிலோ கார்டின் பின்னாலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு வேறு போனிலிருந்து பேசுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள், அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். மெயில் பாஸ்வேர்டை வேறொரு கருவியில் மாற்றுங்கள். அந்த மென்பொருளை நீக்கும் வரை கம்ப்யூட்டரைத் திறக்கவேண்டாம். கடை பக்கத்தில்தான் இருக்கிறது, யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள், காசு வேண்டாம்.

கேள்வி: விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் போட்டிருக்கிறேன். இணையத்தில் கிடைத்த டெப் பொதியை (அதன் செட்டப் ஃபைல்) 'சூடோ' என்ற அட்மின் உரிமைக் கட்டளை போட்டுத்தான் இன்ஸ்டால் செய்ய முடிகிறது. லினக்ஸில் வைரஸ் பயம் இல்லை என்கிறார்களே, யோசிக்காமல் கொடுக்கலாமா?
– மாரிக்குப்பத்திலிருந்து தினமும் ரயிலில் வரும் கல்லூரி மாணவர்

பதில்: எங்க தங்கவயல் தம்பி! நானும் அந்த ரயிலில்தான் பெங்களூருக்கு வேலை கற்க வந்தேன்.

யோசித்துத்தான் கொடுக்கவேண்டும். டெப் பொதிக்குள் ஃபைல்கள் மட்டும் இருப்பதில்லை. இன்ஸ்டால் ஆவதற்கு முன்னும் பின்னும் ஓடவேண்டிய சிறு ஸ்கிரிப்ட்களும் இருக்கலாம், அவை ரூட் உரிமையில், அதாவது லினக்ஸின் முழு அட்மின் உரிமையில் ஓடும். பொதியைக் கட்டியவர் அதில் என்ன எழுதியிருந்தாலும் உன் கம்ப்யூட்டர் கேள்வி கேட்காமல் செய்யும். உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்தில் அந்த மென்பொருள் இருந்தால் 'ஆப்ட்' வழியாக அங்கிருந்தே எடு. அங்கே இல்லை, இந்தப் பொதிதான் வேண்டும் என்றால், இன்ஸ்டால் செய்வதற்கு முன் அதைப் பிரித்துப் பார். 'டிபிகேஜி-டெப்' என்ற கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டு, சிறு கோடும் பெரிய ஆர் எழுத்தும் சேர்த்து, பொதியின் பெயரும் ஒரு காலி ஃபோல்டரின் பெயரும் கொடுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். இதற்கு சூடோ தேவையில்லை. உள்ளே 'டெபியன்' என்ற ஃபோல்டரில் 'போஸ்ட்இன்ஸ்ட்' என்ற ஃபைல் இருந்தால் அதைத் திறந்து படி. பெரும்பாலும் பத்து இருபது வரிதான் இருக்கும். ரயிலில் பங்காருபேட்டை வருவதற்குள் படித்து முடித்துவிடலாம்.